அடைவை எடுத்துவிட்டுக் கணக்கைப் பாருங்கள்: யாழ்ப்பாணக் கிராமிய வங்கிக் கிளைகளை ஒப்பிட்டதைப் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

குடாநாட்டிலுள்ள ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பணிப்பாளர் சபைக்கு ஒரு தாள் வந்தது. சங்கத்தின் கீழ் இயங்கும் கிராமிய வங்கிக் கிளைகளை முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்திய தாள். அதில் மூன்றே நிரல்கள்: வருட இலாபம், கடன் அறவீட்டு வீதம், வைப்பு எவ்வளவு கூடியது. முன்னுக்கு நிற்கும் கிளையின் ஊழியர்களுக்கு ஊக்குவிப்புக் கொடுப்பனவு, கடைசியில் நிற்கும் கிளையை மூடிப் பக்கத்துக் கிளையோடு சேர்த்துவிடுவது என்பதுதான் யோசனை. கூட்டுறவுக் கணக்குகளோடு கனகாலம் பழகியவன் என்பதால், சபையில் இருந்த ஒருவர் அந்தத் தாளை என்னிடம் தந்து பார்த்துச் சொல்லும்படி கேட்டார். சங்கத்தின் பெயரையும் ஊர்ப் பெயர்களையும் எழுதப் போவதில்லை, இதே தாளைப் போட்ட சங்கங்கள் வேறும் உண்டு. கீழே கிளைக் கணக்கென்று போடும் எண்களும் விகிதம் விளங்குவதற்காகப் போட்டவைதான், சங்கத்தின் எண்கள் அல்ல.

முதலாவதாக வந்தது செம்மண் பக்கத்துக் கிளை. சந்தைக்குக் கிட்ட, பஸ் போகும் வீதியில் இருக்கிறது, காலையில் கதவு திறக்கும்போதே ஆட்கள் நிற்பார்கள். நடுவில் வந்தது வயல்கள் சூழ்ந்த ஊரின் கிளை. கடைசியில் வந்தது கடற்கரைக் கிளை. என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: இந்த வரிசை பிழை. பிழைக்குக் காரணம் பல, ஆனால் தலையான காரணம் ஒன்றுதான். நகை அடைவையும், அதாவது நகையை அடகு வைத்து எடுக்கும் கடனையும், மற்றக் கடன்களையும் ஒரே பானையில் போட்டு அறவீட்டு வீதம் கணக்கிட்டிருந்தார்கள். அடைவைத் தனியாக எடுத்து வைக்காமல் இரண்டு கிராமிய வங்கிகளை ஒப்பிடவே முடியாது என்பது என் உறுதியான நிலைப்பாடு, அது இரண்டும் ஒரே சங்கத்துக்குள் இருந்தாலும் சரி, ஒன்று யாழ்ப்பாணத்திலும் மற்றது குருநாகலிலும் இருந்தாலும் சரி.

கிராமிய வங்கி என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்வது எதை என்பதை ஒருக்கால் தெளிவாக்க வேண்டும், ஏனென்றால் ஒப்பீடு பிழைக்கும் இன்னோர் இடம் அதுதான். மக்கள் வங்கி 1961-இல் சட்டமாகி வந்தது. அதன் கைகொடுப்போடு 1964 முதல் பலநோக்குச் சங்கங்களுக்குள் கிராமிய வங்கிகள் தொடங்கப்பட்டன. இவை தனி நிறுவனங்கள் அல்ல, சங்கத்தின் ஒரு பகுதி. சங்கத்தின் கடை நட்டத்தில் ஓடினால் வங்கிப் பகுதியின் இலாபம்தான் அந்த ஓட்டையை அடைக்கும். மத்திய வங்கியின் மேற்பார்வை இவற்றுக்கு இல்லை, மாகாணக் கூட்டுறவுத் திணைக்களமே பார்க்கிறது. இன்னொரு பக்கம் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, 1911-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வரை வேர் போகும் பழைய மரபு, அங்கத்தவர் சேமிப்பிலிருந்து அங்கத்தவருக்கே கடன். மூன்றாவது, அரசாங்கத்தின் பிரதேச அபிவிருத்தி வங்கி. இந்த மூன்றும் ஒரே ஊரில் ஒரே வீதியில் இருக்கலாம், ஆனால் மூன்றின் ஐந்தொகையையும் (சொத்து, பொறுப்புக் கணக்கையும்) பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் கெட்டிக்காரர் என்று கேட்பது முறையில்லாத கேள்வி.

அடைவு

இனி அடைவுக்கு வருகிறேன். இரண்டு கிளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கிளையின் மொத்தக் கடன் 10 கோடி, அதில் 7 கோடி நகை அடைவு, 3 கோடி மற்றக் கடன்கள்: பயிர்க் கடன், வீடு திருத்தக் கடன், சுயதொழில் கடன், அங்கத்தவர் பிணையில் கொடுத்த கடன். தவணை தப்பிய கடன் 45 இலட்சம். இரண்டாவது கிளையின் மொத்தக் கடன் 4 கோடி, அதில் அடைவு 1 கோடிதான், மற்றக் கடன் 3 கோடி, தவணை தப்பியது 24 இலட்சம். மொத்தத்தில் பார்த்தால் முதல் கிளையில் நிலுவை 4.5 வீதம், இரண்டாவதில் 6 வீதம். ஆகவே முதல் கிளை திறம் என்று தாள் சொல்லும். அடைவை எடுத்துவிட்டுப் பாருங்கள்: நிலுவை முழுவதும் மற்றக் கடன்களில்தான் இருக்கிறது என்றால், முதல் கிளையில் 15 வீதம், இரண்டாவதில் 8 வீதம். வரிசை தலைகீழாகிவிட்டது. நான் பார்த்த தாளிலும் நடந்தது இதேதான், எண்கள் மட்டும் வேறு.

அடைவைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுக்கக் கூடாது. எங்களூர்த் தோட்டக்காரருக்கு அடைவுதான் உண்மையான பயிர்க் கடன். வெங்காயம் நடுவதற்கு முன் சங்கிலி வங்கிக்குப் போகும், விற்ற கையோடு திரும்பி வரும். படிவம் இல்லை, பிணையாளி தேடி அலைய வேண்டியதில்லை, அரை மணித்தியாலத்தில் காசு கையில். அந்த வேகத்தை வேறெந்தக் கடனாலும் கொடுக்க முடியாது. ஆனால் அடைவில் வங்கி செய்யும் வேலை என்ன? பொன்னை நிறுத்து, மாற்றைப் பார்த்து, பவுணுக்கு இவ்வளவு என்று கொடுப்பது. வாங்குகிறவரின் தொழில் என்ன, மண் என்ன, கடல் என்ன என்று வங்கிக்குத் தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. கடன் திரும்பி வருவதற்கு உறுதி தருவது பொன், வங்கியின் திறமை அல்ல. அப்படியிருக்க அதை எடுத்து இந்தக் கிளை கடன் கொடுப்பதில் கெட்டிக்காரக் கிளை என்று பரிசு கொடுப்பது எப்படிச் சரியாகும்?

அதோடு பொன் விலையின் ஏற்ற இறக்கம் எல்லாம் கிளையின் வளர்ச்சி போலவும் தளர்ச்சி போலவும் வேடம் போடும். 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் தங்கம் சடுதியாக விழுந்தபோது, அதற்கு முன் உச்ச விலையில் முற்பணம் கொடுத்திருந்த இலங்கையின் பெரிய அரச வங்கிகளே அடைவுப் பகுதியில் தடுமாறின, மீட்க வராத நகைகள் குவிந்தன. அந்த வருடம் அடைவுக் கிளைகளின் நிலுவை ஏறியது அந்த ஊழியர்களின் கவனக்குறைவால் வந்ததல்ல. 2022-இல் மறுபக்கம் நடந்தது. டொலருக்கு 200 ரூபா அளவில் நின்ற நாணயம் சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியது, பொன்னின் ரூபா விலை அதோடு ஏறியது, அதே சங்கிலிக்கு முன்னையதை விட மிகக் கூடிய காசு கொடுக்க வேண்டி வந்தது. கிளையின் கடன் தொகை பெருத்தது. புதிதாக ஓர் அங்கத்தவர் கூடச் சேராமலேயே அந்தத் தாளில் ஒரு கிளை வளர்ச்சி காட்டியிருந்தது, பொன் விலை ஏறியதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்குள் இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு மிகவும் முக்கியமானது. அடைவுக்குப் பொன் வேண்டும். செம்மண் பக்கத்தில் ஒரு வீட்டில் நாலு பவுணாவது இருக்கும், வெளிநாட்டில் பிள்ளை இருந்தால் அதற்கும் மேலே. கடற்கரையில், பலமுறை இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களில், கணவனை இழந்த பெண் தனியாக நடத்தும் வீடுகளில் அந்தப் பொன் எப்போதோ போய்விட்டது. அடைவை மட்டும் நம்பி இலாபம் காட்டும் கிராமிய வங்கி இந்த வீடுகளுக்குக் கதவை மூடிக்கொள்கிறது, கதவு மூடியிருப்பது எந்த நிரலிலும் தெரியாது. அவர்கள் எங்கே போவார்கள்? கிழமைக் கடனுக்குத்தான் போவார்கள். 2009-இல் போர் முடிந்த பிறகு, தெற்கோடு எங்களை இணைக்கும் ஏ9 வீதியால் வந்திறங்கிய லீசிங் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் இங்கே என்ன செய்தன என்பது வடக்கில் எல்லாருக்கும் தெரியும். 50,000 ரூபாவுக்கு 24 வீதத் தட்டை வட்டி என்று சொல்லி, 52 கிழமையில் கிழமைக்கு 1,200 ரூபா அளவில் வாங்குவார்கள். முதல் குறையக் குறைய வட்டி குறையாததால் உண்மையான வட்டி 40 வீதத்தைத் தாண்டும். 2018-இல் அரசாங்கம், வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கும் நிலை வந்தது. அந்தப் பெண்களில் எத்தனை பேரின் ஊரில் கிராமிய வங்கி இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது என்று கேட்காமல் கிராமிய வங்கியின் செயற்திறனை அளந்தோம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

டிசம்பர் 31

தாளிலிருந்த எண்கள் எல்லாம் டிசம்பர் 31-ஆம் திகதிக்கு எடுத்தவை. கணக்கு வருடம் முடியும் நாள் என்பதால் எல்லாரும் அப்படித்தான் எடுப்பார்கள். ஆனால் அந்த நாள் குடாநாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு விதமான நாள். வயல் ஊரில் காலபோகத்துக்கான, அதாவது மாரி மழை நெல்லுக்கான கடன் செப்டெம்பர், ஒக்டோபரில் போகும். எங்களுக்குக் கிளிநொச்சியின் இரணைமடு மாதிரிப் பெரிய பாசனக் குளம் இல்லை, மானாவாரி நெல்தான், வருடத்துக்கு ஒரு போகம். அறுவடை தை பிறந்த பிறகு. டிசம்பர் 31-இல் அந்தக் கடன்களின் தவணை வந்தே இருக்காது, ஆகவே நிலுவை எதுவும் இல்லாமல் கிளை அழகாகத் தெரியும். மழை கூடி வயல் அழிந்த வருடத்திலும் அந்தத் திகதியில் அழகாகத்தான் தெரியும். உண்மை ஏப்ரலில்தான் வெளியே வரும். செம்மண் பக்கத்தில் அப்படியில்லை. கிணற்றுத் தண்ணீரில் வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி என்று மாறி மாறி நடக்கும், காசு வருடம் முழுக்கச் சுற்றும். கடற்கரையில், அதுவும் வடகீழ்ப் பருவக்காற்றுக்கு முகம் கொடுத்திருக்கும் கரையில், நவம்பர் தொடக்கம் தை வரை தொழில் மிகக் குறைவு, சிறு படகுகள் கரையிலேயே கிடக்கும். மாதத் தவணையில் கொடுத்த கடனின் நிலுவை சரியாக அந்த நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். கடற்கரைக் கிளையை அதன் மிக மோசமான நாளில் படம் பிடித்து, வயல் கிளையை அதன் மிக நல்ல நாளில் படம் பிடித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

கிளையின் தவணைப் பதிவேட்டை மாதம் மாதமாகப் பிரித்து எழுதச் சொன்னேன். கணினி இருந்தும் கையாலேயே செய்ய வேண்டி வந்தது, மென்பொருள் வருட முடிவை மட்டும் தரும்படி அமைத்திருந்தார்கள். பிரித்து எழுதியதும் கடற்கரைக் கிளையின் நிலுவை பெப்ரவரிக்குப் பிறகு இறங்கி, ஓகஸ்ட் வரை தாழ்வாக இருந்து, மறுபடி ஏறுவது தெளிவாகத் தெரிந்தது. வராத கடன் என்றால் இறங்காது. இது பிந்தி வரும் கடன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கிளையை மூடுவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

கடற்கரைக் கிளையில் இருக்கும் முகாமையாளர் ஒரு பெண், அந்தக் கரையிலேயே பிறந்தவர். தாள் பற்றிக் கதைத்தபோது அவர் சொன்னது: "தரமாட்டம் எண்டு அவையள் ஒருநாளும் சொன்னதில்லை அண்ணை. ஒரு ராத்திரியில வலை வெட்டுப்பட்டுப் போனா என்னத்தைக் கொண்டு கட்டுறது? நான் போய்க் கத்தினா வலை திரும்பி வருமோ?" இதைச் சாக்காகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், நான் அப்படிப் பார்க்கவில்லை. இந்திய இழுவைப் படகுகள் கரைக்குக் கிட்ட வந்து வலைகளை அறுத்துக்கொண்டு போவது எங்கள் கடலில் வருடக்கணக்காக நடப்பது. இழுவை மடித் தொழிலை இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடை செய்தும் அது முற்றாக நிற்கவில்லை. வலை என்பது கடன் வாங்கியவரின் மூலதனம். அது ஒரே இரவில் போகக்கூடிய ஒரு கரையின் நிலுவையையும், கிணறும் மண்ணும் அப்படியே கிடக்கும் ஒரு தோட்ட ஊரின் நிலுவையையும் ஒரே கோலால் அளக்க முடியுமா?

தோட்ட ஊருக்கும் அதற்கே உரிய அடி உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். உருளைக்கிழங்கோ வெங்காயமோ இங்கே கிண்டும் நேரம் பார்த்துக் கொழும்பில் இறக்குமதி வரியைக் குறைத்தால் இறக்குமதி வந்து விலையை விழுத்திவிடும். 2021-இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது செம்மண் நிலத்தைப் பலமாகத் தாக்கியது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாகப் போனபோது, நீர்ப்பம்பி வைத்திருந்த தோட்டக்காரரும் வெளியிணைப்பு எஞ்சின் வைத்திருந்த கடற்தொழிலாளியும் சேர்ந்தே அடிபட்டார்கள். அந்த வருடத்து எண்ணை எடுத்து எந்தக் கிளைக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது.

இலாபம் எங்கிருந்து வந்தது

இலாப நிரலைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு உண்மையில் கோபம் வந்தது. செம்மண் கிளைக்கு வைப்பு அதிகம், வெளிநாட்டுக் காசு நிலையான வைப்பாக வந்து கிடக்கிறது. அதில் கணிசமான பகுதியைச் சங்கம் ஊருக்குள் கடனாகக் கொடுக்கவில்லை, வர்த்தக வங்கியில் தானும் நிலையான வைப்பாகப் போட்டிருந்தது. 2022 ஏப்ரல் 8-ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது, அந்த வருடக் கடைசிப் பகுதியில் அரசாங்கம் குறுகிய காலக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது, வங்கிகளின் நிலையான வைப்பு வட்டியும் 20 வீதத்துக்கு மேல் போனது. அந்தக் காலத்தில் கடன் கொடுக்காமல் காசைக் கொண்டுபோய் வேறு வங்கியில் போட்டு வைத்த கிளை நல்ல இலாபம் காட்டியது. பயிருக்கும் வலைக்கும் பழைய வட்டியில் கொடுத்து வைத்திருந்த கிளை, வைப்புக்காரருக்குப் புது வட்டி கொடுக்க வேண்டி வந்ததால் மெலிந்தது. கிராமிய வங்கி என்ற பெயருக்கு ஏற்ற வேலையைச் செய்ததற்காக ஒரு கிளை பின்னுக்குப் போய்விட்டது.

ஊரில் திரட்டிய வைப்பில் எவ்வளவு ஊருக்கே கடனாகத் திரும்புகிறது என்ற விகிதத்தை நிரலில் சேர்த்தால் இது உடனே வெளிப்பட்டிருக்கும். இந்தியாவில் பிரதேச கிராமிய வங்கிகளை ஆராய்கிறவர்கள் முதலில் பார்க்கும் எண்களில் இதுவும் ஒன்று. அங்கே 1975 ஒக்டோபர் 2-ஆம் திகதி தொடங்கி, மத்திய அரசு 50, மாநில அரசு 15, அனுசரணை வங்கி 35 என்ற வீதத்தில் முதல் போட்டு, ஒரு கட்டத்தில் 196 வங்கிகள் வரை விரிந்து, பிறகு 2005 முதல் ஒன்றோடொன்று இணைத்து இணைத்துச் சுருக்கினார்கள். தமிழ்நாட்டில் பாண்டியன், பல்லவன் என்ற இரண்டும் 2019 ஏப்ரல் 1-இல் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கியாயின. தென்மாநிலங்களில் கடனுக்கும் வைப்புக்குமான விகிதம் உயர்வாகவும் வடகிழக்கு மாநிலங்களில் தாழ்வாகவும் இருப்பது அங்கே பழைய கதை. ஆனால் தெற்கின் உயர்வைப் பார்த்துவிட்டு அவசரப்படக் கூடாது. தமிழ்நாட்டில் விவசாயத்தின் பெயரில் போகும் கடனில் நகைக் கடனுக்குப் பெரிய இடம் உண்டு. 2021-இல் கூட்டுறவு வங்கிகளில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக் கடனைத் தள்ளுபடி செய்யும் அளவுக்கு அது வீடு வீடாகப் போயிருந்தது. அங்கேயும் அடைவைப் பிரிக்காமல் வடகிழக்கோடு ஒப்பிட்டால் பொன் உள்ள பிரதேசமும் பொன் இல்லாத பிரதேசமும் என்ற ஒப்பீடுதான் மிஞ்சும்.

எங்கள் நாட்டுக்குள்ளும் இதே சிக்கல் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாவட்ட மட்டத்தில் தொடங்கிய பிரதேச கிராமிய அபிவிருத்தி வங்கிகளை 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஆறாகச் சேர்த்தது: ரஜரட்ட, ருகுணு, வயம்ப, ஊவா, கந்துரட்ட, சப்ரகமுவ. வடக்குக்கோ கிழக்குக்கோ ஒன்றும் இல்லை. ஆறும் 2010-இல் பிரதேச அபிவிருத்தி வங்கி என்ற ஒரே வங்கியான பிறகுதான் எங்கள் பக்கம் கிளைகள் வரத் தொடங்கின. 1980-களிலிருந்து வாடிக்கையாளரைத் தெரிந்து வைத்திருக்கும் குருநாகல் கிளையையும், பதினைந்து வருடமே ஆன வடக்குக் கிளையையும் ஒரு அட்டவணையில் போடும்போது கிளையின் வயது என்று ஒரு நிரலாவது இருக்க வேண்டும்.

வயது மட்டும் போதாது. எங்கள் கூட்டுறவுக் கிளைகள் பழையவைதான், ஆனால் 1990-க்குப் பிறகு போரால் வலிகாமம் வடக்கிலிருந்து சனம் இடம்பெயர்ந்து எழும்பியது, 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனது, 2006 ஓகஸ்டில் ஏ9 மூடியது. சங்கங்கள் அந்தக் காலத்தில் வங்கி நடத்தியதை விடப் பங்கீட்டு அரிசி கொடுத்ததுதான் அதிகம். கடன் வாங்கியவர் எங்கே என்று தெரியாத, பிணை நின்றவர் கனடாவில் இருக்கிற, பதிவேடு பாதி கறையான் தின்ற கடன்கள் இன்னமும் சில கிளைகளின் புத்தகத்தில் நிலுவையாகக் கிடக்கின்றன, பதிவழிப்பதற்குத் திணைக்களத்தின் அனுமதியும் பொதுக்கூட்டத் தீர்மானமும் வேண்டும் என்பதால் யாரும் தொடுவதில்லை. கடற்கரைக் கிளையின் நிலுவையில் ஒரு பங்கு இப்படிப்பட்டது. அதைக் கழிக்காமல் இன்றைய முகாமையாளரின் தலையில் கட்டியிருந்தார்கள்.

செலவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 50,000 ரூபாக் கடனுக்கும் 5 இலட்ச ரூபாக் கடனுக்கும் வேலை ஒன்றுதான்: விண்ணப்பம், வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, பிணையாளியோடு கதைப்பது, தவணை தப்பினால் திரும்பப் போவது. சிறு கடன் கொடுக்கும் கிளையில் ரூபாவுக்கான செலவு கூடும், ஆள் ஒருவருக்கான செலவு கூடாது. தாள் ரூபாவுக்கான செலவை மட்டும் பார்த்தது. தீவகத்தில் இது இன்னும் கூடும், குறிகட்டுவானிலிருந்து படகேறி நெடுந்தீவுக்குப் போய் ஒரு தவணையைக் கேட்டுவிட்டு வர ஒரு நாள் வேண்டும்.

திருத்திய தாள்

அடைவைத் தனியாக வைத்து, மற்றக் கடன்களை மட்டும் தவணை தப்பிய நாட்களின்படி 30, 90, 180 என்று பிரித்து, மாதவாரியாக மூன்று வருடச் சராசரி எடுத்து, இடப்பெயர்வுக் காலக் கடனை விலக்கி, ஊருக்குத் திரும்பிய கடன் விகிதத்தையும் கடன் பெற்ற ஆட்களின் தொகையையும் சேர்த்துத் தாளைத் திருத்திக் கொடுத்தோம். முதலாவதாக வந்தது வயல் ஊர்க் கிளை, யாரும் எதிர்பார்க்காத கிளை. அங்கே பழைய சிக்கன கடனுதவுச் சங்கப் பழக்கம் இருக்கிறது, பிணை நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் விடுவதில்லை, ஏப்ரலில் எடுத்த கணக்கிலும் நிலுவை குறைவாகவே நின்றது. செம்மண் கிளை மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. அடைவுக்கு வெளியே அது கொடுத்த கடன்களில் பெரும் பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய வியாபாரிகளிடம் நின்றது, அவை 180 நாளையும் தாண்டியிருந்தன.

கடற்கரைக் கிளை முன்னேறியது, ஆனால் அப்பழுக்கற்ற கிளை என்று நான் சொல்லமாட்டேன். பதிவேட்டை நுணுக்கிப் பார்த்தபோது, பழைய கடன் தப்பும் தறுவாயில் அதே ஆளுக்குப் புதுக் கடன் கொடுத்துப் பழையதை மூடிய பதிவுகள் இருந்தன. திகதிகளைப் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்: காலையில் கட்டி முடித்தது, அன்று பின்னேரமே கூடிய தொகைக்குப் புதுக் கடன். தாளில் இது நூறு வீத அறவீடு. முகாமையாளரிடம் கேட்டபோது மறைக்கவில்லை, மேலிடம் வருட முடிவில் வீதம் கேட்கிறது, வேறென்ன செய்வது என்றார். அந்தப் பழக்கம் வந்ததே மூன்று நிரல் தாளால்தான் என்று நான் சபையில் சொன்னேன். அறவீட்டு வீதத்தைக் கொண்டு ஊழியரைத் தண்டிக்கத் தொடங்கினால், ஊழியர் வீதத்தைத் திருத்துவார்கள், கடன் அப்படியேதான் இருக்கும்.

சபையில் எதிர்ப்பு இல்லாமல் போகவில்லை. கணக்காய்வில் அனுபவமுள்ள ஒருவர் சொன்னதை இங்கே முழுமையாக வைக்கிறேன், அதில் நியாயம் இருக்கிறது. வர்த்தக வங்கியில் போட்ட காசுக்கு 11 இலட்சம் வரை வைப்புக் காப்புறுதி உண்டு, கூட்டுறவுக் கிராமிய வங்கியில் போட்ட காசுக்கு அது இல்லை, ஊர் ஆச்சிமார் எங்களை நம்பித்தான் போட்டிருக்கிறார்கள், ஆகவே பொன்னை வைத்துக் கடன் கொடுப்பதுதான் அவர்களின் காசுக்குப் பாதுகாப்பு, அதைக் குறையாகக் காட்டாதே என்றார். அவருடைய கவலையை நான் அப்படியே ஏற்கிறேன். அடைவைக் குறைக்கும்படி நான் கேட்கவும் இல்லை. வைப்புக்காரரின் பாதுகாப்பு ஒரு தனி அளவுகோல், அதற்கு அடைவின் பங்கையும் கையிருப்பையும் ஒதுக்கத்தையும் பாருங்கள். கடன் கொடுக்கும் திறமை இன்னோர் அளவுகோல், அதற்கு அடைவை எடுத்துவிட்டுப் பாருங்கள். இரண்டையும் கலந்து ஒரு எண்ணாக்கினால் பாதுகாப்பும் தெரியாது, திறமையும் தெரியாது.

முடிவில் கடற்கரைக் கிளையை மூடவில்லை. கடற்தொழில் கடனின் தவணையை மாதத்துக்கு மாதம் என்றில்லாமல் தொழில் உள்ள மாதங்களில் கூட்டியும் வாடைக்காற்று மாதங்களில் வட்டியை மட்டும் வாங்கியும் கொள்ளும்படி மாற்றினார்கள். பழைய கடனைப் புதுக் கடனால் மூடுவதைத் தடை செய்து, அதற்குப் பதிலாகத் தவணை மாற்றம் என்று வெளிப்படையாகப் பதிய வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஊக்குவிப்புக் கொடுப்பனவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. செம்மண் கிளை ஊழியர்கள் இதில் மனம் நொந்திருக்கிறார்கள், அவர்கள் வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை, நாள் முழுக்க வரிசையில் நிற்கும் சனத்துக்கு முகம் கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

இன்னும் சேர்க்காத ஒரு நிரல் இருக்கிறது: கிளையின் எல்லைக்குள் கிழமைக் கடன் வாங்கியிருக்கும் வீடுகளில் சங்க அங்கத்தவர் வீடுகள் எத்தனை என்பது. இதை வங்கியின் கணினியிலிருந்து எடுக்க முடியாது, மாதர் சங்கங்களோடும் கிராம அலுவலரோடும் இருந்து வீடு வீடாக எழுத வேண்டும். வயல் ஊர்க் கிளையில் அந்த வேலையைத் தொடங்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்ட அறிக்கையில் அடைவு ஒரு பக்கம், மற்றக் கடன் ஒரு பக்கம் என்று அச்சிடுவதற்கும் சபை சம்மதித்திருக்கிறது. வேறு சங்கங்களில் அங்கத்தவராக இருப்பவர்கள் உங்கள் பொதுக்கூட்டத்திலும் இதைக் கேளுங்கள், அறிக்கையை வாசித்து ஏகமனதாக ஏற்பதற்கு முன்னமே கேளுங்கள்.